தடி வேண்டாம், குடை போதும் என்கிறார் அப்பா

கேள்வி: என் அப்பாவுக்கு 73 வயது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறார். கைத்தடி வாங்கிக் கொடுத்தேன். "என்னைக் கிழவனாக்கப் பார்க்கிறாயா?" என்று மூலையில் சாத்திவிட்டார். வெளியே போனால் மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு போகிறார், வெயிலும் இல்லை, மழையும் இல்லை. தடி பிடித்தால் கால் இன்னும் பலவீனமாகிவிடும் என்கிறார். உண்மையா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் அப்பா ஏற்கெனவே தடி பிடிக்க ஆரம்பித்துவிட்டார். அதற்குக் குடை என்று பெயர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் குடை அதற்கு ஆகாது. நுனி கம்பி, மொசைக் தரையிலும் ஈரச் சிமென்டிலும் வழுக்கும். உயரத்தையும் கூட்டிக் குறைக்க முடியாது.

தமிழாசிரியர் என்பதால் ஒன்று சொல்லிப் பாருங்கள். திருக்குறளில் 'ஊற்றுக்கோல்' வருகிறது. "இழுக்கல் உடையுழி", அதாவது வழுக்குகிற இடத்தில் கைகொடுப்பது. அங்கே வயதைப் பற்றிப் பேச்சே இல்லை. தரையைப் பற்றித்தான் பேச்சு. 'தடி' என்றாலே முகம் சுளிப்பவர்கள் 'ஊன்றுகோல்' என்றால் கொஞ்சம் இறங்கி வருவதை என் அறையிலேயே பார்த்திருக்கிறேன். 'வாக்கிங் ஸ்டிக்' என்றால் சிலருக்குக் கொஞ்சம் மிடுக்குகூட வந்துவிடும்! எந்தப் பெயரானாலும் சரி, கையில் இருந்தால் போதும்.

தடியால் கால் பலவீனமாகாது. வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தால்தான் தொடைத் தசை மெலியும், அப்புறம் மூட்டுக்குத் தாங்கல் இருக்காது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சுமை விழுகிறது. அதில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொண்டால் வலி குறையும், நடை நீளும். முதல் சில வாரங்கள் சீக்கிரம் களைத்தாற்போல இருக்கும், பழகினால் சரியாகிவிடும். தொடைத் தசைக்கான பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கேட்டுத் தனியாகச் செய்ய வேண்டும். தடி அதற்கு மாற்று இல்லை.

இனி, பத்தில் ஏழெட்டுப் பேராவது தப்பாகச் செய்வதாக எனக்குத் தோன்றும் ஒரு விஷயம். வலது கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். ஆமாம், எதிர்க் கையில். சும்மா நடக்கும்போது கவனியுங்கள்: வலது கால் முன்னே போகையில் இடது கைதான் கூடவே வீசி வருகிறது. வலது காலில் நிற்கும் அந்த நொடியில் இடுப்பின் இடது பக்கத்துக்குத் தாங்கல் இல்லை. அந்த இடத்தில் தடி வந்து நிற்கிறது. வலிக்கிற காலின் பக்கமே தடியைப் பிடித்தால் உடல் அந்தக் காலின் மேலேயே சாயும். வலிக்கிற காலும் தடியும் ஒன்றாகத் தரையில் படட்டும், அடுத்து நல்ல கால்.

படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். இன்னொரு கை கைப்பிடிக் கம்பியில்.

உயரத்துக்கு அளவு எளிது. அப்பா வழக்கமான செருப்பைப் போட்டுக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கட்டும். மணிக்கட்டின் மடிப்புக்கு நேராகத் தடியின் பிடி வர வேண்டும். ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கும். தாத்தாவின் தேக்குத்தடி அட்டத்தில் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது தாத்தாவின் உயரத்துக்கு வாங்கியது. பொத்தானை அமுக்கி ஏற்றி இறக்கும் அலுமினியத் தடி நல்லது.

அடியில் உள்ள ரப்பரை மாதம் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். என்னிடம் வருபவர்களின் தடியை வாங்கி முதலில் நான் பார்ப்பது அதைத்தான். பள்ளமும் கோடுமாக இருந்த அடி, பழைய செருப்பைப் போல வழவழவென்று ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். சர்ஜிக்கல் கடையில் ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும். மார்கழியில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட தரையில் தேய்ந்த ரப்பரோடு இறங்குவது குடையோடு இறங்குவதைப் போலத்தான்.

நான்கு கால் வைத்த தடி, அப்பாவுக்கு இப்போது தேவைப்படாது. வேகமாக நடந்தால் அதன் நான்கு காலும் ஒன்றாகப் பதியாது, ஆட்டம் கொடுக்கும். இரண்டு கையும் ஊன்றினால்தான் நிற்க முடியும் என்ற நிலை வந்தால் வாக்கர். வெள்ளைக் கோலை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது பார்வையற்றவர்கள் வழியைத் தடவி அறிவதற்கானது, எடையைத் தாங்காது.

ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. சுவரைப் பிடிப்பது வலியாலா, தள்ளாட்டத்தாலா? படுக்கையிலிருந்து எழுந்ததும் கிறுகிறுப்பு, செருப்பு கழன்றது தெரியாத அளவுக்குப் பாதத்தில் மரமரப்பு, அண்மையில் விழுந்தது, இவற்றில் ஏதாவது இருந்தால் பிரஷர் மாத்திரை, சர்க்கரை, பி12 எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். திடீரென்று ஒரு பக்கம் கையோ காலோ தளர்ந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது தடியைக் காரிலேயே வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். வழக்கமாகப் போடும் செருப்போடு, தடியைப் பிடித்து அவர் நடப்பதை மருத்துவர் பார்க்கட்டும். குடையையும் கொண்டு போங்கள்.