ஸ்பெயினில் ஃப்ளமென்கோ பார்க்க ஒரு இரவுதான் இருக்கிறது: எங்கே போகலாம்?

கேள்வி: டிசம்பர் முதல் வாரத்தில் நான், மனைவி, 9 வயது மகன் மூவரும் ஸ்பெயின் போகிறோம். மாட்ரிட், பார்சிலோனா, செவில் என்று திட்டம். டிராவல்ஸ்காரர் பார்சிலோனாவில் ‘டின்னருடன் ஃப்ளமென்கோ’ (பாட்டு, கிட்டார், ஆட்டம் சேர்ந்த அந்த ஊர்க் கலை) என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார். அதையே வைத்துக்கொள்ளலாமா? ஸ்பானிஷ் தெரியாமல் போய் உட்கார்ந்தால் புரியுமா? மனைவி பரதம் கற்றவர், அங்கே ஒரு வகுப்பாவது போய்ப் பார்க்க ஆசைப்படுகிறார்.

பதில்: அந்த டின்னரை எடுத்துவிடச் சொல்லுங்கள். பார்சிலோனா மேல் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, ஃப்ளமென்கோ நடனத்தில் பெரிய பெயரான கார்மென் அமாயா பிறந்த ஊர் அது. சிக்கல் சாப்பாட்டில்தான். பெரிய ஹாலில் தட்டும் கரண்டியும் மோதிக்கொண்டிருக்க, பரிமாறுபவர் குறுக்கே நடக்க, பாதிப் பேர் மேடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்க, பாடகர் உயிரைக் கொடுத்துப் பாடினாலும் உங்களிடம் வந்து சேர்வது பாவாடைச் சுழற்சி மட்டும்தான். மாட்ரிடில் 1956-இல் தொடங்கிய கோர்ரால் தே லா மொரெரியா மாதிரி சாப்பாடும் ஆட்டமும் இரண்டுமே உயர்தரமாக இருக்கும் இடங்கள் உண்டு, ஆனால் அங்கே பில்லும் அதற்கேற்ற மாதிரிதான் வரும்.

உங்கள் திட்டத்தில் செவில் ஏற்கெனவே இருக்கிறது, அதுவே போதும். ஃப்ளமென்கோ தெற்கு ஸ்பெயினில் இருக்கும் அந்தலூசியாவின் கலை. செவிலின் த்ரியானா பேட்டை, ஹெரேஸ், காதிஸ் இந்தப் பக்கத்து வீதிகளிலும் குடும்பங்களிலும் வளர்ந்தது. செவிலில் தப்லாவோ எனப்படும் சின்ன அரங்குகள் நிறைய உண்டு. சாந்தா குரூஸ் சதுக்கத்தில் 1966 முதல் நடக்கும் லோஸ் கயோஸ், பழைய வீட்டு முற்றத்தில் நடக்கும் காசா தே லா மெமோரியா, நடனக் கலைஞர் கிறிஸ்தினா ஓயோஸ் தொடங்கிய ஃப்ளமென்கோ அருங்காட்சியகத்தின் அரங்கு, இவை மூன்றும் தெரிந்த பெயர்கள். நிகழ்ச்சி சுமார் ஒரு மணி நேரம், டிக்கெட் இருபது முப்பது யூரோ வாக்கில் இருக்கும், சரியான விலையை அவர்கள் தளத்திலேயே பாருங்கள். அங்கே சாயங்கால ஆட்டம் முடிந்து வெளியே வரும்போதுதான் ஸ்பெயின்காரர்களே சாப்பிடக் கிளம்புவார்கள், அதனால் டின்னரைத் தனியாக வைத்துக்கொள்வதில் எந்த நஷ்டமும் இல்லை.

எந்த அரங்கு என்று முடிவு செய்ய நான் பார்ப்பது ஒன்றுதான்: அன்றைக்குப் பாடுபவர், கிட்டார் வாசிப்பவர் பெயர்களைப் போட்டிருக்கிறார்களா? ஆடுபவரின் படம் மட்டும் பெரிதாக இருந்து மற்றவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் வேறு இடம் தேடுங்கள். ஃப்ளமென்கோவில் பாட்டுதான் மூலம், கிட்டாரும் ஆட்டமும் அதைச் சுற்றி வந்தவை. இன்று எல்லா மேடையிலும் தெரியும் அந்தப் பெட்டி வாத்தியம், காஹோன், பெரு நாட்டுக்காரர்களுடையது, 1970-களின் பிற்பகுதியில் கிட்டார் கலைஞர் பாகோ தே லூசியாவின் குழு வழியாக உள்ளே வந்தது. சப்ளாக்கட்டை மாதிரிக் கையில் பிடித்து ஆடும் காஸ்தனெட் எங்கே என்று மகன் கேட்பான். பல நிகழ்ச்சிகளில் அது வரவே வராது.

மொழி பற்றிய கவலை வேண்டாம். பாட்டின் வரிகள் ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கே பாதிதான் பிடிபடும், அவ்வளவு இழுத்து உடைத்துப் பாடுவார்கள். மேடையில் இருப்பவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் ஒத்திகை பார்த்துவிட்டு வருவதில்லை, ஆளுக்கு ஆள் சைகை கொடுத்தே கொண்டுபோகிறார்கள். ஆடுபவர் காலால் ஓங்கி ஒரு அழைப்புக் கொடுத்து நிறுத்துவார், அப்போதுதான் பாடகர் உள்ளே வருவார். பாட்டு நடக்கும்போது ஆட்டம் அடங்கி, கையும் உடம்பும் மட்டும் பேசும். பாட்டு ஓய்ந்ததும் கால் வேலை நீளமாக வரும். கிட்டார்காரரின் கண் முழுக்க அந்தக் காலின் மேலேயே இருக்கும். இதைக் கவனிக்க முன்பக்கம் ஓரத்து இருக்கை நல்லது, மேடைப் பலகையும் பாதமும் கண்ணில் படவேண்டும்.

தாளம் போடத் தெரிந்த நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சொலெயா, அலெக்ரியாஸ், புலெரியாஸ் என்ற ஃப்ளமென்கோ வகைகள் எல்லாம் 12 எண்ணிக்கைச் சுற்று, அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல் விழும். கச்சேரியில் சமத்தைத் தேடுகிற மாதிரி ஒன்றில் அடி விழும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள், புலெரியாஸில் 12-இல் எடுத்து 10-இல் முடிப்பதுதான் வழக்கம். விரலால் தொடைமேல் எண்ணிக்கொள்ளுங்கள், கை மட்டும் தட்டாதீர்கள். மேடையில் தட்டும் கை ஒரு வாத்தியம், ஒருவர் தாளத்தில் தட்ட இன்னொருவர் இடையில் தட்டுவார், நாம் புகுந்தால் குழம்பும். ஒரு வரியோ அடியோ முடிந்த இடத்தில் ‘ஓலே’ சொல்லலாம், அதை ஆசையாகவே எதிர்பார்ப்பார்கள். சிகிரியா மாதிரி கனமான பாட்டு என்றால் பேசாமல் இருப்பதே மேல். கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று புலெரியாஸ் போடுவார்கள், அதுவரை பாடிக்கொண்டிருந்த பெரியவரே இரண்டு அடி ஆடிவிட்டுப் போவார். பெரும்பாலும் போட்டோ எடுக்க அனுமதியும் அப்போதுதான், ஆகவே பஸ் பிடிக்கிற அவசரத்தில் முன்கூட்டியே எழுந்துவிடாதீர்கள்.

டிசம்பர் என்று எழுதியிருப்பதால் இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும். ஒரு நாளைப் பார்சிலோனாவிலிருந்து வெட்டி ஹெரேஸுக்குக் கொடுங்கள், செவிலிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வார இறுதிகளில் அங்கே முற்றங்களிலும் சதுக்கங்களிலும் சாம்போம்பா நடக்கும்: நெருப்பு மூட்டி, சுற்றி நின்று, கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் புலெரியாஸ் தாளத்தில் ஊரே சேர்ந்து பாடும். பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. டிசம்பர் 6, 8 இரண்டும் ஸ்பெயினில் விடுமுறை, அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் இன்றைக்கே பதிவு செய்யுங்கள். இரவு தங்குவதும் நல்லது, கடைசி ரயிலுக்கு ஓடுவதற்கா அங்கே போவது?

வகுப்பு விஷயம். ஒன்றரை மணி நேர அறிமுக வகுப்புகள் செவிலிலும் ஹெரேஸிலும் கிடைக்கும். பரதம் கற்றவருக்குக் கையும் முதுகும் சிரமமாக இராது, கால்தான் வேறு உலகம்: ஆணி அடித்த ஷூவில் குதிகால், முன்பாதம், முழுப்பாதம் என்று மூன்று தனித்தனி ஓசை எடுக்க வேண்டும், உடம்பு அரைமண்டிக்கு இறங்காது. ஒரு வகுப்புக்காக ஷூ வாங்கவேண்டாம், தடித்த குதிகால் உள்ள, இறுக்கமாகப் பிடிக்கும் செருப்பு போதும். முடிந்தால் கைத்தாள வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், அவருக்கு அதில்தான் அதிகம் கிடைக்கும் என்பது என் எண்ணம். ஹிதானோக்கள், அதாவது ஸ்பெயினின் ரோமா மக்கள், இந்தியாவிலிருந்து போனவர்கள், ஆகவே ஃப்ளமென்கோ கதக்கின் பிள்ளை என்று யாராவது அங்கே சொல்வார்கள். முதல் பாதி சரி, வடமேற்கு இந்தியாவிலிருந்து கிளம்பிய ரோமா மக்கள் 15-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பெயினில் இருந்தார்கள். ஆனால் ஃப்ளமென்கோ உருவானது அதற்குப் பல தலைமுறை கழித்து, அந்தலூசிய மண்ணில், பல மக்களின் இசை கலந்து.

மகனுக்காக மாலையின் முதல் ஆட்டத்தையே எடுங்கள். சில அரங்குகளில் வயது வரம்பு இருக்கிறது, பணம் கட்டுமுன் பார்த்துவிடுங்கள்.