நவம்பர் 15-க்கு முன் நடக்க வேண்டிய நடை

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மிச்சிகனில் டெட்ராய்ட் பக்கத்து நோவைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் எல்லோரும் மான் வேட்டையைப் பற்றியே பேசுகிறார்கள். உடன் வேலை செய்பவர் ஒருவர் வடக்கே பொது நிலத்துக்குப் போகலாம் என்று கூப்பிடுகிறார், அவருக்கும் அந்தக் காடு பழக்கமில்லை. முன்பின் தெரியாத இடத்தைச் சீசனுக்கு முன் எப்படிப் பார்த்து வைப்பது? கடைசியில் ஒரு வரி: "அண்ணா, இதெல்லாம் நமக்கு ஒத்துவருமா?"

கடைசி வரிக்கு முதலில் பதில். நான் 2004-இல் வந்தேன். முதல் பத்து ஆண்டுகள் இவர்களைக் கேலி செய்தே கழித்தேன். மிச்சிகனில் துப்பாக்கி மான் சீசன் ஆண்டுதோறும் நவம்பர் 15 முதல் 30 வரை. அது செவ்வாயோ வியாழனோ, 15-ஆம் தேதி காலை எங்கள் பிரிவில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். வடக்கே பல பள்ளிகளுக்கு அன்று விடுமுறை. நான் தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் பிறந்தவன். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிந்திய தலைமுறை. காட்டு ஓரம் விறகு பொறுக்கினாலே வனக்காவலர் விரட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன். அரசாங்க நிலத்தில் யாரையும் கேட்காமல் நடந்து திரியலாம் என்பதை நம்புவதற்கே எனக்குச் சில காலம் பிடித்தது. ஒத்துவருமா என்பது முதல் ஆண்டு தெரியாது. துப்பாக்கி இல்லாமல் ஒரு பருவம் நடந்து பாருங்கள். நடை பிடித்தால் மற்றதும் பிடிக்கும்.

சட்டத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்தால்தான் வழக்கமான உரிமம் கிடைக்கும். வகுப்பு முடிக்காதவர்களுக்குப் பயிற்சி உரிமம் உண்டு. உரிமம் பெற்ற, 21 வயது நிரம்பிய ஒருவர் கூடவே இருக்க வேண்டும். நீங்கள் எச்1பி விசாவா, கிரீன் கார்டா என்று எழுதவில்லை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க நடுவண் சட்டத்தில் தடை இருக்கிறது. மாநில வேட்டை உரிமம் கையில் இருப்பவர்களுக்கு அதில் விலக்கும் இருக்கிறது. ஆகவே உரிமம் வாங்கும்வரை நண்பரின் துப்பாக்கியை "சும்மா பிடித்துப் பார்க்க" வேண்டாம். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தக் கட்டணம் வீண் செலவில்லை. பிறகு, அக்டோபர் வந்தால் பெட்ரோல் பங்குகளில் கேரட்டும் ஆப்பிளும் மூட்டை மூட்டையாக விற்பார்கள். பார்த்து ஏமாற வேண்டாம். மிச்சிகனின் தென்பாதியான கீழ்த் தீபகற்பத்தில் மானுக்கு இரை போட 2019 முதல் தடை.

இனி காடு. ஒரு நிலம் ஏன் அரசிடம் இருக்கிறது என்று தெரிந்தால் அதை நடந்து படிப்பது எளிது. கிரேலிங், மயோ பக்கமெல்லாம் ஒரு காலத்தில் வெள்ளைப் பைன் காடு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். மிச்சத்தைத் தீ தின்றது. பிறகு வந்து குடியேறிய விவசாயிகளுக்கு அந்த மணல் பூமி சோறு போடவில்லை. வரி கட்ட முடியாமல் விட்டுவிட்டுப் போன நிலம்தான் பெரும்பாலும் அரசின் கைக்கு வந்தது. 1930-களில் வேலையில்லா இளைஞர்களைக் கொண்டு அதில் கோடிக்கணக்கில் மரம் நட்டார்கள். ஆக, நீங்கள் நுழையப்போவது ஆதிக்காடு இல்லை; கைவிடப்பட்ட வயல்களின் மேல் வளர்ந்த காடு.

இதனால் என்ன பயன்? சொல்கிறேன். நடுவில் நூல் பிடித்தாற்போல் வரிசையாகச் சிவப்புப் பைன் தோப்பு வரும். கோயில் தூண் மண்டபம் போல அழகாக இருக்கும், நடக்கவும் சுகம். மானுக்கு அங்கே வேலையில்லை. தரையில் ஊசியிலைச் சருகைத் தவிரத் தின்ன ஒன்றுமில்லை. புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் போய் உட்காருவார்கள். அந்தத் தோப்பைத் தாண்டிப் போனால் ஓர் இடத்தில் லைலாக் என்கிற பூப்புதர் நிற்கும். காட்டில் லைலாக் தானாக முளைக்காது. யாரோ ஒரு குடியானவர் மனைவி வாசலில் நட்டது. சுற்றித் தேடினால் வீட்டின் அடித்தளக் கற்கள் பாசி பிடித்துக் கிடக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளி, பாதி பட்டுப்போன ஆப்பிள் மரம் ஒன்று இருக்கும். வீட்டுக்காரர்கள் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் அது காய்க்கிறது. நான் கண்ட அப்படிப்பட்ட மரம் ஒன்றின் கீழே செப்டம்பர் கடைசியில் புல் தரை தேய்ந்து களம் மாதிரி ஆகிவிடும். அது எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.

வரைபடத்தில் தொடங்குங்கள். மாநில இயற்கைவளத் துறையின் மை-ஹன்ட் தளத்தில் பொது நில எல்லைகள் இலவசமாகக் கிடைக்கும். இங்கே பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டங்களாகக் கலந்து கிடக்கும். எல்லை தெரியாமல் நடந்தால் யாருடைய கொல்லைப்புறத்திலோ போய் நிற்பீர்கள். ஆள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 450 அடிக்குள், வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் வேட்டையாடக் கூடாது. வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சிக்னல் இருக்காது. குளிரில் பேட்டரியும் சட்டென்று இறங்கும். கழுத்தில் ஒரு திசைகாட்டி தொங்கட்டும். "வண்டி நிற்கிற சாலை எனக்கு மேற்கே" என்கிற ஒரு விஷயம் தெரிந்தால் போதும், எப்படியும் வெளியே வந்துவிடலாம்.

வான்படத்தில் மூன்றைத் தேடுங்கள். ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்டு இப்போது கை நுழையாத அடர்த்தியில் ஆஸ்பென் கன்றுகள் எழும்பியிருக்கும் இடம். மானுக்கு உணவும் அங்கே, மறைவும் அங்கே. இரண்டு, ஓக் மேடு. மூன்று, கரும்பச்சைத் திட்டாகத் தெரியும் சிடார் சதுப்பு. இந்த மூன்றில் இரண்டு தொட்டுக்கொள்ளும் விளிம்பு எதுவோ, அங்கே ஒரு புள்ளி வையுங்கள். அப்படி ஐந்தாறு புள்ளி வைத்துக்கொண்டு போனால் நான்கு தேறாது. கவலை வேண்டாம், எனக்கும் தேறுவதில்லை.

இப்போது ஆகஸ்ட். ஆகஸ்ட் காடு பொய் சொல்லும், தம்பி. இலை மறைவில் எல்லா இடமும் நல்ல இடமாகத் தெரியும். நவம்பரில் இலை கொட்டிய பிறகு அதே இடம் மொட்டைத் திடல். என்னைக் கேட்டால் காட்டைப் படிக்கச் சிறந்த மாதம் ஏப்ரல்: பனி உருகியிருக்கும், புல் முளைத்திருக்காது, போன சீசனின் தடங்களெல்லாம் அப்படியே தெரியும். இந்த ஆண்டு அது தப்பிவிட்டது. ஆகவே இப்போது போய் மண்ணின் அமைப்பையும் மரங்களையும் மட்டும் பாருங்கள். ஓக் மரத்தடியில் நின்று பைனாகுலரால் உச்சிக் கிளைகளில் காய் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லா ஆண்டும் காய்க்காது. இலையின் விளிம்பு உருண்டிருந்தால் வெள்ளை ஓக். முனைகள் ஊசியாக இருந்தால் சிவப்பு ஓக். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, அதனால் மான் அதைத்தான் முதலில் காலி செய்யும். நவம்பர் நடுவில் மிஞ்சி இருப்பது பெரும்பாலும் சிவப்பு. காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் உடம்பு முழுவதும் உண்ணி தேடுங்கள். இங்குள்ள கருங்கால் உண்ணி லைம் நோயைக் கொடுக்கும்.

செப்டம்பர் பிற்பகுதியில் இரண்டாவது முறை போங்கள். அப்போது ஆண் மான் கொம்பின் வெல்வெட்டுத் தோல் உரிந்து, சிறு மரங்களில் கொம்பை உரச ஆரம்பித்திருக்கும். பட்டை உரிந்த இடம் தூரத்திலிருந்தே வெளிர் மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும். ஒரு மரம் இருந்தால் செய்தி இல்லை. வரிசையாக நான்கைந்து மரம், எல்லாம் ஒரே பக்கம் உரிந்திருந்தால் அது வழி. உரிந்த பக்கம் எதைப் பார்க்கிறதோ, மான் பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்து வந்திருக்கும். ஓடைக்கரைச் சேற்றில் குனிந்து பாருங்கள். குளம்புத் தடம் நடுவே பிளந்த அரசிலை மாதிரி இருக்கும். அதன் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூராக நின்றால் நேற்றிரவு, இன்று காலை. ஓரம் சரிந்து உள்ளே இரண்டு பைன் ஊசி விழுந்திருந்தால் பழையது. புழுக்கையும் அப்படித்தான், ஈரப் பளபளப்பு போனால் வயதாகிவிட்டது. செப்டம்பர் 15 முதல் சிறு விலங்கு வேட்டையும், அக்டோபர் 1 முதல் வில் சீசனும் தொடங்கிவிடும். பார்வையிடத்தான் போகிறீர்கள் என்றாலும் ஆரஞ்சு மேற்சட்டையும் தொப்பியும் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு நான் முதல் ஆண்டு எப்படிக் கோட்டைவிட்டேன் என்பதையும் கேளுங்கள். அருமையான ஓக் மேடு கண்டுபிடித்தேன். தடம், புழுக்கை, உரசிய மரம், சகலமும் இருந்தது. நவம்பர் 15 விடியற்காலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தால், வண்டி நிறுத்துமிடத்தில் ஏற்கெனவே ஒன்பது பிக்கப் வண்டிகள். இருட்டில் நெற்றி விளக்குகள் மேட்டின் மேல் மின்மினி போல் நகர்ந்துகொண்டிருந்தன. அங்கே சூரிய உதயம் ஏழரை மணிவாக்கில். அதற்கு அரை மணி முன்பிருந்து சுடலாம். வெளிச்சம் வந்ததும் பார்த்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே நான்கு ஆரஞ்சுத் தொப்பிகள் தெரிந்தன. பத்து மணிக்கு வெறுத்துப்போய் எழுந்து, வண்டிக்குக் குறுக்கு வழி என்று நினைத்து மேட்டின் பின்புறம் இறங்கினேன். கீழே ஆல்டர் புதர் மண்டிய சதுப்பு. அதன் நடுவே ஒரு திண்ணை அளவுக்கு மேடு. அங்கிருந்து மூன்று மான்கள் எழுந்து, வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு நிதானமாகப் போயின. ஆகஸ்டில் அந்தச் சதுப்பைப் பார்த்து, செருப்பு நனையும் என்று திரும்பி வந்தவன் நான்.

அன்றிலிருந்து நான் முதலில் தேடுவது மனிதர்களைத்தான். வண்டி எங்கே நிறுத்துவார்கள்? எந்தப் பாதையில் நடப்பார்கள்? எங்கே அலுத்துப்போய் உட்காருவார்கள்? பெரும்பாலானவர்கள் சாலையிலிருந்து அரை மைலைத் தாண்டுவதில்லை. தண்ணீரைத் தாண்டுபவர்கள் அதைவிடக் குறைவு. 15-ஆம் தேதி காலை அவர்கள் எல்லோரும் சேர்ந்து, சம்பளம் வாங்காமல், உங்களுக்காகக் காட்டைக் கலைத்துக் கொடுக்கிறார்கள். கலைந்த மான் எந்த ஒதுக்குப்புறத்துக்குப் போகும் என்பதுதான் நீங்கள் இப்போதே கண்டுபிடித்து வைக்க வேண்டியது. ஒதுக்குப்புறம் என்றால் தூரம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டி நிறுத்துமிடத்துக்கு இருநூறு அடி பின்னால், யாரும் திரும்பிப் பார்க்காத முட்புதரில் மான் படுத்திருக்கும். இன்னொன்று: இரண்டு மைல் உள்ளே சுட்டால் இரண்டு மைல் இழுத்து வர வேண்டும். குடல் எடுத்த பிறகும் ஒரு பெரிய ஆண் மான் உங்கள் எடைக்குக் குறையாது. பனிச்சறுக்கு பிளாஸ்டிக் பலகை ஒன்று வாங்கி வையுங்கள்.

காற்றைப் பற்றி எழுதினால் நாளெல்லாம் எழுதலாம். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து மான் வரும் பக்கம் காற்று போகக் கூடாது, போனால் உங்கள் வாடை அதற்கு எட்டிவிடும், அவ்வளவுதான் பாடம். ஆனால் மேடு பள்ளத்தில் காலையில் வெயில் ஏறினால் காற்றும் மேலே ஏறும், அந்தியில் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். வானிலை அறிக்கை இதைச் சொல்லாது. அம்மா கொடுத்தனுப்பிய விபூதி தீர்ந்துபோன சின்ன டப்பாவில் முகப்பவுடர் போட்டு வைத்திருக்கிறேன். புள்ளி வைத்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிட்டிகை ஊதி, எந்தப் பக்கம் போகிறது என்று நோட்டில் நேரத்தோடு எழுதிக்கொள்வேன். ஒரே இடத்துக்குக் காலைக் குறிப்பு ஒன்று, மாலைக் குறிப்பு ஒன்று. அக்டோபர் கடைசிக்குப் பிறகு அந்த இடங்களைத் திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள்.

மரத்தில் ஏணி இருக்கை மாட்டுவதாக இருந்தால், பொது நிலத்தில் செப்டம்பர் 1-க்கு முன் வைக்கக் கூடாது; கழற்றி எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும், பெயர் முகவரியும் அதில் இருக்க வேண்டும். மரத்தில் திருகாணி ஏற்றக் கூடாது. மாட்டிவிட்டதால் அந்த இடம் உங்களுக்குப் பட்டா ஆகாது. ஆனாலும் வேறு ஒருவருடைய இருக்கை இருந்தால் நான் ஒதுங்கிப் போய்விடுவேன்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று: நம் நிறத்தில் ஓர் ஆள் அந்தப் பக்கத்துக் காட்டில் தனியாகத் திரிந்தால் என்ன நடக்கும்? பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஓரிரு முறை வண்டியை மெதுவாக்கி உற்றுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு முறை ஒரு கிழவர் வழி தவறிவிட்டதா என்று கேட்டார். இடம் பார்க்க வந்தேன் என்றதும், முகம் மாறி, வண்டியின் முன்பலகையில் கை வைத்து இருபது நிமிடம் 1980-களில் தான் சுட்ட மானைப் பற்றிப் பேசினார். அவருடைய இடத்தைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் சில முறை தனியாகப் போகாதீர்கள். எங்கே நிறுத்தினீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

எங்கள் வீட்டில் சமையலறைக்குள் மான்கறிக்கு அனுமதி இல்லை; கராஜில் தனி அடுப்பு, தனிச் சட்டி. உங்கள் வீட்டு நிலவரத்தை நவம்பருக்கு முன் பேசி முடித்துவிடுங்கள்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நான் கிரேலிங் பக்கம் போகிறேன். நோவையிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம். நான்கரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். உங்கள் நண்பரையும் அழைத்து வாருங்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிவிடுங்கள், சதுப்பைத் தாண்டத்தான் போகிறோம். புளியோதரை என் பொறுப்பு. ஆனால் அதைக் காரிலேயே முடித்துவிட வேண்டும். நல்லெண்ணெய் வாசனையோடு காட்டுக்குள் உங்களை விடமாட்டேன்.