கவலியர் குட்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் தாய் தகப்பனின் இதயத்தைக் கேளுங்கள்

வாசகி கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகள்களுக்கு 8, 11 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மாமி பகல் முழுக்க வீட்டில்தான். பிள்ளைகள் இணைய விளம்பரத்தில் ஒரு கவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல் குட்டியைப் பார்த்துவிட்டு, செம்பழுப்பும் வெள்ளையுமான அந்தக் குட்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார்கள். இந்த இனத்துக்கு இதய நோய் வரும் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா? வாங்கும்போது எதையெல்லாம் கேட்க வேண்டும்? மாமி சமைப்பதைக் கொடுக்கலாமா? கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகும்போது நாயை என்ன செய்வது?

பதில்:

குணத்தை மட்டும் வைத்துச் சொன்னால், உங்கள் வீட்டுக்கு இவ்வளவு பொருந்தும் நாய் வேறு கிடைப்பது கடினம். கவலியர் ஐந்தரை கிலோவிலிருந்து எட்டுக் கிலோ வரை இருக்கும். பிள்ளைகளோடு ஓடி விளையாடும், மாமி உட்கார்ந்தால் அவர் மடியில் ஏறிப் படுக்கும், வாசலுக்கு வரும் அந்நியரையும் வாலாட்டி வரவேற்கும். காவலுக்கு உதவாது. தனிமையைத் தாங்காது. காலையில் பூட்டிவிட்டு மாலையில் திறக்கும் வீட்டில் இந்த நாயை வளர்க்கக் கூடாது என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். மாமி வீட்டில் இருப்பதால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை.

உங்கள் வேலையிடத்துக்காரர் சொன்னது உண்மை. அதை மெதுவாகச் சொல்லி உங்களைத் தேற்ற நான் விரும்பவில்லை. கவலியரின் முதல் எதிரி இதயத்தின் மைட்ரல் வால்வு. அந்த வால்வு தடித்து, சரியாக மூடாமல், இரத்தம் பின்னோக்கிக் கசியத் தொடங்கும். அந்தக் கசிவின் சத்தத்தைத்தான் மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பில் ‘மர்மர்’ என்று கண்டுபிடிக்கிறார். வயதான சிறு நாய்கள் பலவற்றுக்கும் இது வரும். கவலியருக்கோ வெகு சீக்கிரம் வருகிறது: ஐந்து வயதுக்குள் ஏறத்தாழ பாதி நாய்களுக்கும், பத்து வயதில் அநேகமாக எல்லாவற்றுக்கும் மர்மர் கேட்கும்.

ஏன் இந்த இனத்துக்கு மட்டும் இப்படி? பழைய ஓவியங்களில் இங்கிலாந்து அரச குடும்பத்தாரின் காலடியில் தெரியும் நீள மூக்குச் சிறு ஸ்பானியல்கள் காலப்போக்கில் தட்டை முகமாக வளர்க்கப்பட்டன. 1926-இல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சிக்கு வந்தார். பழைய முகத்தோடு யாராவது ஒரு நாயைக் கொண்டுவந்தால் 25 பவுண்டு பரிசு என்று அறிவித்தார். அந்தப் பரிசைக் குறிவைத்து சிலர் மீண்டும் நீள மூக்கு நாய்களை வளர்த்தார்கள். 1928-இல் கவலியருக்கென்று சங்கம் உருவானது. 1945-இல், நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரிட்டிஷ் அமைப்பான கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது. அதாவது இன்று உலகெங்கும் இருக்கும் கவலியர்கள் மிகச் சில நாய்களின் சந்ததி. அந்தச் சிலவற்றின் அழகோடு குறைகளும் சேர்ந்தே பரவின. நார்வேயில் இந்த விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இப்போதுள்ள முறையில் கவலியரை இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2023-இல் சொல்லிவிட்டது. பிரிட்டனில் தடை இல்லை. ஆகவே தேர்வின் பாரம் முழுவதும் வாங்குகிற உங்கள் மேல்தான் விழுகிறது.

இனி வாங்கும் விஷயம். எட்டு வாரக் குட்டியின் இதயத்தைக் கேட்டு எதுவும் தெரிந்துவிடாது. இந்த நோய் பிறக்கும்போது தெரிவதில்லை, வளர வளரத்தான் வெளியே வருகிறது. ‘மருத்துவரிடம் காட்டினோம், குட்டி நல்ல ஆரோக்கியம்’ என்று விற்பவர் சொன்னால் அது பொய்யாக இருக்காது, ஆனால் உங்களுக்கு அதனால் பயனும் இல்லை. கேட்க வேண்டியது தாயையும் தகப்பனையும் பற்றி, முடிந்தால் அவற்றின் பெற்றோரையும் பற்றி. தாயும் தகப்பனும் குட்டி ஈனும்போது குறைந்தது இரண்டரை வயதைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த வயதில் இதயம் சுத்தமாக இருந்திருக்க வேண்டும். தாத்தா பாட்டிகள் ஐந்து வயதிலும் மர்மர் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். இதய மருத்துவர்கள் வகுத்த பழைய விதி இது, இன்றும் நல்ல விதி. கென்னல் கிளப் கவலியருக்கென்றே இதயப் பரிசோதனைத் திட்டம் நடத்துகிறது. இதய நிபுணர் ஒருவர் ஸ்டெதஸ்கோப்பிலும் எக்கோ என்ற இதய அல்ட்ராசவுண்டிலும் பார்த்துத் தரம் எழுதித் தருவார். அந்தத் தாளைக் கேளுங்கள். ‘எங்கள் நாய்களுக்கு ஒன்றும் இல்லை’ என்ற வாய்ச்சொல் போதாது.

இரண்டாவது தாள் தலைக்கானது. கவலியரின் மண்டையோட்டின் பின்புறம் மூளைக்குப் போதிய இடம் தராமல் குறுகியிருக்கும். அதனால் மூளைத் தண்டுவட நீரின் ஓட்டம் தடைப்பட்டு, தண்டுவடத்துக்குள் நீர்ப்பைகள் உருவாகலாம். இதற்கு சிரிங்கோமைலியா என்று பெயர். சில நாய்கள் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழும். சில கடும் வலியில் வாழும். உறுதியாகச் சொல்ல எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஒன்றே வழி. அதற்கும் 2012 முதல் ஒரு தரநிலைத் திட்டம் இருக்கிறது. சான்றிதழில் எண்ணோடு ஓர் எழுத்தும் இருக்கும். ஐந்து வயதுக்கு மேல் ஸ்கேன் செய்தால் ‘ஏ’, மூன்று முதல் ஐந்து வரை ‘பி’, ஒன்று முதல் மூன்று வரை ‘சி’. எண் ‘பூஜ்யம்’ என்றால் நீர்ப்பை இல்லை. ஆனால் இளம் நாய்க்கு அப்படி வந்தால் பெரிதாகக் கொண்டாட முடியாது, நீர்ப்பை பின்னாலும் வரும். ‘பூஜ்யம் ஏ’ வாங்கிய நாயின் குட்டி கிடைத்தால் விடாதீர்கள்.

மூன்றாவது எளிதானது: டி.என்.ஏ. பரிசோதனை. உடல் விறைத்துத் திடீரென விழும் நோய், சுருள் முடியோடு கண் உலர்ந்துபோகும் நோய் இரண்டுக்கும் மரபணுப் பரிசோதனை உண்டு. தாய், தகப்பன் இரண்டில் ஒன்று இந்த மரபணுக்கள் இல்லாதது என்று தெரிந்தாலே குட்டிக்கு நோய் வராது.

இவ்வளவும் கேட்டால் விளம்பரக்காரர் சலித்துக்கொள்வார். சலித்துக்கொண்டால் அதுவே உங்களுக்குப் பதில். நல்ல வளர்ப்பாளர் கேட்காமலேயே தாள்களை எடுத்து வைப்பார், பதிலுக்கு உங்களையும் துருவித் துருவிக் கேட்பார்: பகலில் யார் வீட்டில், தோட்ட வேலி எப்படி, முன்பு நாய் வளர்த்ததுண்டா என்று. வரிசையில் காக்கவும் வைப்பார். அப்படிக் காத்திருக்கச் சொல்பவரிடம்தான் வாங்க வேண்டும்.

சட்டமும் உங்கள் பக்கம். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளைக் கடையோ இடைத்தரகரோ விற்க முடியாது. வளர்த்தவரிடமிருந்தே, குட்டி பிறந்த இடத்திலேயே, தாயோடு பார்த்துத்தான் வாங்க வேண்டும். இதை ‘லூசி சட்டம்’ என்று அழைக்கிறார்கள். லூசி ஒரு கவலியர். வேல்ஸில் ஒரு நாய்க்குட்டிப் பண்ணையில் கூண்டுக்குள் வைத்து ஈத்துக்குமேல் ஈத்து ஈனவைக்கப்பட்டு, முதுகெலும்பு வளைந்து, முடி கொட்டிய நிலையில் 2013-இல் மீட்கப்பட்டது, 2016-இல் இறந்தது. அழகான குட்டிக்கு அவசரப்படும் வாங்குபவர் இருப்பதால்தான் அப்படிப்பட்ட பண்ணைகள் நடக்கின்றன. ‘பாதி வழியில் கார் பார்க்கில் வந்து தருகிறேன்’, ‘தாய் நடைக்குப் போயிருக்கிறது’ என்ற பேச்சு வந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். குட்டியைக் கையில் எடுத்த பிள்ளையிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல எந்தத் தாயாலும் முடியாது.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. நீங்கள் சொல்லும் செம்பழுப்பு வெள்ளைக்கு பிளென்ஹெய்ம் என்று பெயர். முழுச் செம்பழுப்பு, கறுப்போடு பழுப்பு, மூவண்ணம் என்று மேலும் மூன்று உண்டு. குணத்தில் வேறுபாடு இல்லை. ஆணா பெண்ணா என்பதும் அப்படியே. கவலியரையும் பூடிலையும் கலந்த ‘கவபூ’ வாங்கினால் நோய் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கவலியர் பெற்றோருக்கு அதே இதயப் பரிசோதனை வேண்டும். கலப்பினக் குட்டி விற்பவர்களில் பலர் அதைச் செய்வதில்லை.

உங்களுக்கு ஒரு மாற்று யோசனை வைக்கிறேன். பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் பேசிப் பாருங்கள். ஐந்தாறு வயதான கவலியர் ஒன்றை, இனத்துக்கான மீட்பு அமைப்பிலிருந்தோ, இனி ஈனவைக்கப் போவதில்லை என்று நல்ல வீடு தேடும் வளர்ப்பாளரிடமிருந்தோ எடுங்கள். ஆறு வயதில் இதயம் சுத்தமாக இருக்கும் நாயைப் பற்றி, எட்டு வாரக் குட்டியைவிட நமக்கு எவ்வளவோ அதிகம் தெரியும். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் காலமும் கடந்திருக்கும், மாமிக்கு அது பெரிய நிம்மதி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

எந்த வயதில் எடுத்தாலும் வீட்டுக்கு வரும் அன்றே இன்சூரன்ஸ் போட்டுவிடுங்கள். அதிலும் ஒரே நோய்க்கு ஒரு வருடம் மட்டும் தரும் பாலிசி வேண்டாம், வாழ்நாள் முழுவதும் அதே நோய்க்கும் தரும் பாலிசியாகப் பாருங்கள். முதலில் மருத்துவர் மர்மர் என்று பதிவேட்டில் எழுதி, பிறகு நீங்கள் இன்சூரன்ஸ் எடுத்தால், இதயச் செலவு முழுவதும் உங்கள் கையைவிட்டே போகும்.

ஆண்டுக்கொரு முறை இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள். மர்மர் என்றதும் இடிந்துபோக வேண்டியதில்லை. இதயம் பெரிதாகாமல் மர்மர் மட்டும் இருக்கும்போது மருந்தே தேவையில்லை. எக்கோவில் இதயம் பெரிதாகியிருப்பது தெரிந்தால் பிமோபென்டன் மாத்திரை தொடங்குவார்கள். 2016-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இந்தக் கட்டத்தில் மாத்திரையைத் தொடங்கிய நாய்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் காலம் ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் தள்ளிப்போனது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும் நாய்க்குப் பதினைந்து மாதம் சின்னக் கணக்கா! எக்கோ எடுக்கத் தயங்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மூத்த மகளிடம் பொறுப்பைக் கொடுங்கள். நாய் ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை முப்பது விநாடி எண்ணி, இரண்டால் பெருக்கி எழுதிவைக்கட்டும். நிமிடத்துக்கு முப்பதுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. முப்பதைத் தாண்டத் தொடங்கினால், மறுபடி எண்ணிப் பார்த்தும் குறையவில்லையென்றால், அன்றே மருத்துவரை அழையுங்கள். நுரையீரலில் நீர் கோர்ப்பதை இருமலைவிட முந்திக் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான்.

தலை நோய்க்கும் வீட்டில் தெரியும் அறிகுறிகள் உண்டு: நடக்கும்போது ஒரு பின்னங்காலால் கழுத்துப் பக்கம் காற்றில் சொறிவது, தூக்கும்போது வீறிடுவது, தலையை உயர்த்தி வைத்தே தூங்குவது. சொறி என்று நினைத்து ஷாம்பு மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், கைபேசியில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்துப்பட்டையில் சங்கிலி மாட்டி இழுக்கவும் வேண்டாம். நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் போதும். பூங்காவில் அணிலைக் கண்டால் தெருவென்றும் பாராமல் பாயும், ஆகவே வேலி இல்லாத இடத்தில் அவிழ்த்துவிடாதீர்கள்.

இரத்தப் பரிசோதனை பற்றி ஒரு குறிப்பு. கவலியர்கள் பலவற்றின் தட்டணுக்கள் (இரத்தம் உறைய உதவுபவை) பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும். அது அவற்றின் இயல்பு, நோயில்லை. இயந்திரம் குறைவு என்று காட்டினால், கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாமியின் சமையலுக்கு வருகிறேன். கவலியர் வயிறு நிறைந்த பிறகும் பசித்ததுபோல் பார்க்கும், கண்ணைப் பார்த்து மனம் இளகாதவர் இல்லை. இதயம் பலவீனமான இனத்துக்கு உடல் பருமன் கொடுமை. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். முழுச் சத்தும் அடங்கிய நாயுணவை அளந்து இரண்டு வேளை போடுங்கள். நம் வீட்டுச் சமையலில் ஆபத்து ஒளிந்திருக்கும் இடங்களை மாமியிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்: கேசரியிலும் பாயசத்திலும் விழும் திராட்சை வற்றல் சிறுநீரகத்தைக் கெடுக்கும், குழம்பிலும் வடையிலும் இருக்கும் வெங்காயமும் பூண்டும் இரத்த அணுக்களை அழிக்கும். சாக்லேட்டும், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கமும் பிள்ளைகள் பையில் இருந்தே வரும். மாமிக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், உப்பில்லாமல் அவித்த கோழித் துண்டோ கரட் துண்டோ கொடுக்கட்டும், அதையும் அன்றைய அளவில் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: இந்த நாய் காலடியிலேயே நடக்கும். அடுப்படியில் திரும்பும்போது மாமி தடுக்கி விழுந்தால் பெரிய விபரீதம். சமையலறை வாசலில் குழந்தைகளுக்கு வைக்கும் சிறு கதவு ஒன்றைப் பொருத்துங்கள்.

முடி பராமரிப்பு கடினமில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள் சீவுங்கள், குறிப்பாகக் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும். அங்கேதான் சிக்குப் பிடிக்கும். மொட்டையடிக்க வேண்டாம். பல் தினமும் துலக்கப் பழக்குங்கள். காது நாறினாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் போனாலோ காட்டுங்கள். நடுக்காதில் பிசின்போல் சளி சேரும் தொல்லை இந்த இனத்துக்கு உண்டு.

யாழ்ப்பாணம் போகும்போது நாயைக் கொண்டுபோகாதீர்கள். திரும்பி வரும்போது வெறிநோய்த் தடுப்பூசி, அதன்பின் இரத்தப் பரிசோதனை என்று பிரிட்டனின் நுழைவு விதிகள் கடுமையானவை, அந்த வெயிலும் நீண்ட பயணமும் இதயத்துக்கு ஆகாது. கூண்டு வரிசையாக இருக்கும் காப்பகத்தில் விட்டால் கவலியர் உண்ணாமல் கிடக்கும். தன் வீட்டிலேயே நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்பவர், உள்ளூராட்சி உரிமம் வைத்திருப்பவர் ஒருவரை இப்போதே தேடுங்கள். குட்டி வந்த முதல் சில மாதங்களில் ஓர் இரவு, பிறகு ஒரு வார இறுதி என்று அங்கே விட்டுப் பழக்குங்கள். மாத்திரை சாப்பிடும் நாயானால், தூக்கத்தில் மூச்சை எண்ணுவது எப்படி என்பதை அவருக்கும் காட்டிக்கொடுத்து, உங்கள் மருத்துவரின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.