1870க்கு முந்தைய பெயர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மருமகள் ஜார்ஜியாவின் கறுப்பினக் குடும்பத்துப் பெண். அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் தந்தை 1840 வாக்கில் பிறந்தவர். 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு இருக்கிறார். 1860 அடிமைப் பட்டியலில், அதே கவுண்டியில் (மாவட்டத்தில்) அதே குடும்பப்பெயர் கொண்ட ஒரு பண்ணை முதலாளிக்குக் கீழே ‘ஆண், 20, கறுப்பு’ என்று ஒரு வரி. இவர்தானே அவர்? வம்சாவளியில் சேர்த்துவிடலாமா?

எஸ்., அட்லாண்டா

அன்புள்ள எஸ்.,

சேர்க்க வேண்டாம். இணைய வம்சாவளியில் ஏறிய தவற்றை நாலு பேர் நகலெடுத்துவிட்டால் அதுவே ஆதாரமாகிவிடும்.

1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயர்தான் இருக்கும். அடிமைகளுக்கு அநேகமாக வயது, பால், நிறம் மட்டுமே; வயதும் குத்துமதிப்பு. பருத்தி விளையும் கவுண்டியில் இருபது வயது ஆண்கள் எத்தனையோ பேர். குடும்பப்பெயரையும் நம்ப முடியாது. விடுதலையானவர்களில் சிலர் கடைசி உடைமையாளரின் பெயரை வைத்துக்கொண்டார்கள்; சிலர் அதற்கும் முந்தையவருடையதை, சிலர் தகப்பன் பெயரை, சிலர் தாங்களே விரும்பிய ஒன்றை.

இன்னொன்று. 1870 தாளில் உறவுமுறைக்கான பத்தியே கிடையாது. ‘மனைவி, மூன்று பிள்ளைகள்’ என்பது உங்கள் ஊகம். அவள் தங்கையாகவும் இருக்கலாம். உறவுமுறை 1880இல்தான் முதலில் வருகிறது. எனவே முதலில் 1880, 1900 தாள்களைப் பாருங்கள். (1890 தாள்கள் 1921 தீவிபத்தில் பெரும்பாலும் போய்விட்டன.) 1900இல் பிறந்த மாதம், ஆண்டு, தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை என்பதெல்லாம் உண்டு.

அடுத்து, பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழ்கள். ஜார்ஜியாவில் மாநிலம் தழுவிய பதிவு 1919இல் தொடங்கியது. அதில் பெற்றோர் பெயரும் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும் கேட்பார்கள். சொன்னவர் மருமகனாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்தால் தப்பாகவும் சொல்லியிருப்பார். அதனால் கொள்ளுத்தாத்தாவின் சான்றிதழோடு நிற்காமல், கிடைக்கிற உடன்பிறந்தார் எல்லாருடையதையும் எடுத்து ஒப்பிடுங்கள்.

பிறகு அடிமைமுறை ஒழிந்த 1865க்கும் 1870க்கும் இடைப்பட்ட காலம். 1867 வாக்காளர் பதிவில் 21 நிறைந்த கறுப்பின ஆண்கள் இருக்கிறார்கள். உங்களவருக்கு அப்போது 27. விடுதலையானவர்களுக்கு உதவ அமைந்த அரசு அலுவலகமான ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் கூலி ஒப்பந்தங்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். விடுதலையானவர்களுக்கான சேமிப்பு வங்கியாக இருந்து 1874இல் மூடப்பட்ட ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் சவான்னா, அகஸ்டா, அட்லாண்டா கிளைப் பதிவேடுகளில் கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்கள் கிடைக்கலாம். சில வரிகளில் பழைய உடைமையாளர் பெயரும் உண்டு. ஒப்பந்தம் போட்ட நிலக்காரரே பழைய உடைமையாளராக இருப்பது சகஜம். ஆனால் எப்போதும் அப்படியில்லை.

உடைமையாளர் யாரென்று ஓரளவு தெரிந்ததும் உங்கள் குடும்பத்தை விட்டுவிட்டு அவர் குடும்பத்தைத் தேடுங்கள். கசப்பான வேலைதான், ஆனால் சட்டத்தின் கண்ணில் அடிமை சொத்து. சொத்து கைமாறும்போதுதான் பெயர் எழுத்தில் ஏறும். உயில், இறந்தவரின் சொத்து மதிப்பீடு, வாரிசுப் பங்கீடு, மகளுக்குக் கொடுத்த தானப் பத்திரம், விற்பனை, அடமானம்: இவை உயில், வாரிசு வழக்குகளைப் பார்க்கும் கவுண்டி புரோபேட் நீதிமன்றத்திலும் பத்திரப் பதிவேடுகளிலும் இருக்கும். மதிப்பீட்டில் தாயையும் கைக்குழந்தையையும் சேர்த்து ஒரே விலை போட்டிருப்பார்கள். தாய்–பிள்ளை உறவுக்கு அந்த வரிதான் சாட்சி.

பலரும் சறுக்குவது இங்கேதான். உடைமையாளர் 1865வரை உயிரோடிருந்தால் அவருடைய மரணக் கணக்கில் அடிமைகள் இருக்கமாட்டார்கள். அவருடைய தகப்பனார் கணக்கைப் பாருங்கள். மாமனார் கணக்கையும் விட்டுவிடாதீர்கள், மனைவி வழியாக வந்தவர்கள் நிறைய. கவுண்டி எல்லைகளும் மாறியிருக்கின்றன. பிரிந்துபோன பகுதியின் பழைய தாள்கள் தாய்க் கவுண்டியிலேயே தங்கியிருக்கும். நீதிமன்றம் எரிந்த கவுண்டியென்றால் அக்கம்பக்கத்துக் கவுண்டிகளையும் மாநில ஆவணக் காப்பகத்தில் உள்ள வரிப் பதிவேடுகளையும் பாருங்கள்.

ஒற்றைப் பெயர் பொருந்தினால் போதாது. 1870 தாளில் அவர் வீட்டுக்கு முன்னும் பின்னும் பத்துப் பக்கங்களில் உள்ள கறுப்பினத்தவர் பெயர்களை வயதோடு எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் நான்கைந்து சேர்ந்தாற்போல் ஒரே மதிப்பீட்டில் வந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். நீங்கள் கண்ட 1860 வரிக்கு அப்போதுதான் வேலை: மதிப்பீட்டில் உள்ளவர்களின் வயது, பால் வரிசை அந்தப் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.