பழைய டோப்போ ஷீட்டில் ஏரி ஏன் தள்ளி விழுகிறது?

கே: சேலத்தின் 'ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல்' டோப்போ ஷீட்டை (சர்வே துறையின் நில வரைபடத் தாளை) இன்றைய மேப் மேல் பொருத்தினேன். திருமணிமுத்தாறும் ஏரிகளும் தள்ளியே விழுகின்றன. ஆறு இடம் மாறிவிட்டதா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

ப: எல்லாம் ஒரே திசையில், ஒரே அளவு தள்ளியிருந்தால் பழி ஆற்றின் மேல் இல்லை. முதலில் தாள் ஓரத்தில் ஆண்டைப் பாருங்கள். 1905க்கு முந்தையது என்றால் தீர்க்கரேகை 2 நிமிடம் 27 விநாடி கூடுதலாக இருக்கும் (இது நேரமல்ல, கோண அளவு; 60 நிமிடம் ஒரு பாகை). தீர்க்கரேகைக் கணக்குக்கு அடிப்படையான சென்னை வானாய்வகத்தின் இடத்தையே அந்தத் தாள்களில் அவ்வளவு கிழக்கே வைத்திருந்தார்கள். நம் ஊரில் அது ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். அந்தக் கூடுதலைக் கழித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பிந்தைய தாளிலும் நூறு, இருநூறு மீட்டர் விலகும். அது பூமியின் வடிவத்துக்கான பழைய 'எவரெஸ்ட் நீள்வட்ட'க் கணக்கில் வரைந்தது, ஜிபிஎஸ் கணக்கு வேறு. கியூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருளில் அந்தப் பழைய கணக்கான 'கல்யாண்பூர் 1975' (பட்டியல் எண் இபிஎஸ்ஜி 4146) தேர்ந்தெடுத்துப் பொருத்திய பிறகு, ஜிபிஎஸ் கணக்கான டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றுங்கள். நான்கு மூலை மட்டும் போதாது. 5 நிமிடத்துக்கு ஒரு கோடு வெட்டும் 16 இடங்களிலும் புள்ளி வையுங்கள். ஒரு புள்ளி மட்டும் 30 மீட்டருக்கு மேல் முரண்டு பிடித்தால் அங்கே காகித மடிப்பு இருக்கும். படம் சுமார் 44 செ.மீ. சதுரம், ஏ3 ஸ்கேனரில் அடங்காது. செல்போனில் எடுத்த படம் ஓரத்தில் வளையும், வேண்டாம்.

இன்னொன்று, சேலம் 58ஐ/2 என்ற எண்ணுள்ள தாளில், ஏற்காடு 58ஐ/1ல். சேர்வராயன் மலை நீர்வரத்தைத் தொடர 58ஐ/5, 58ஐ/6 தாள்களும் தேவைப்படும்.

கே: ஏரியில் நீல நிறமே இல்லை, வெறும் கறுப்புக் கோடுதான். அப்போதே வற்றிவிட்டதா?
– வாசகி, அம்மாபேட்டை

ப: இல்லைங்க. ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும் பரப்புக்குத்தான் நீலம். மழைக்கு நிறைந்து கோடையில் காயும் ஏரிக்குக் கோடு மட்டும். கரையை ஒட்டி எண்ணும், பக்கத்தில் சின்ன ஆங்கில 'ஆர்' எழுத்தும் இருந்தால், அது தரையிலிருந்து கரையின் உயரம், பழைய தாள்களில் அடிக்கணக்கு. கடல் மட்டத்திலிருந்து அளந்ததாக எடுத்துக்கொண்டு குழம்புகிறவர்கள் நிறைய.

கே: ஓடை ஆக்கிரமிப்புக்கு இதைச் சான்றாகக் காட்டலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

ப: ஓடை அங்கே ஓடியது என்று காட்டலாம், எல்லை காட்ட முடியாது. ஒரு மில்லிமீட்டர் கோடே தரையில் 63 மீட்டர். எல்லைக்குப் புலப்படமும் (சர்வே எண்வாரி அளவுப் படம்) 'அ' பதிவேடும் (கிராம நிலப் பதிவேடு) வாங்குங்கள்.