முகூர்த்தம் முதலிலா, மனு முதலிலா?

வெளிநாட்டு வரன், திருமணம், விசா ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: என் மகளுக்கு அமெரிக்காவின் டாலஸ் நகரில் பணிபுரியும் வரன் அமைந்திருக்கிறது. மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். இருவரும் நான்கு மாதங்களாக வீடியோ அழைப்பில் பேசி வருகிறார்கள். நேரில் இன்னும் சந்திக்கவில்லை. ஆவணியில் அவர் இரண்டு வார விடுப்பில் வரும்போது நிச்சயதார்த்தம், தையில் திருமணம் என்று பேசி முடித்திருக்கிறோம். 'இங்கே தாலி கட்டினால் பெண் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நிச்சயத்தோடு நிறுத்திக்கொண்டு கே-1 விசாவில் அனுப்புங்கள்' என்கிறார் விசா ஏஜென்ட். 'அதெல்லாம் எதற்கு, சுற்றுலா விசாவில் போய் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்' என்கிறார் உறவினர் ஒருவர். எந்த வழி சரி?
— ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: உறவினர் சொல்லும் வழியை முதலில் ஒதுக்கிவிடுவோம். சுற்றுலா விசாவில் சென்றவர் அங்கே திருமணம் செய்துகொள்வது குற்றம் அன்று. ஆனால் மணந்துகொண்டு தங்கிவிடும் எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, சென்னைத் துணைத் தூதரகத்திலோ அமெரிக்க விமான நிலையத்திலோ 'மூன்று வாரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்' என்று சொல்வது பொய்த் தகவல் ஆகிவிடும். அவ்வாறு ஒருமுறை பதிவாகிவிட்டால், அந்நாட்டுக் குடிவரவுச் சட்டப்படி அந்தத் தடை ஆயுள் முழுவதும் தொடரும். தனியாக விலக்குக் கோரிப் பெற்றால்தான் அதிலிருந்து மீள முடியும். நுழைந்த 90 நாட்களுக்குள் மணம் முடித்துத் தங்கிவிட்டால், வரும்போதே அந்த எண்ணம் இருந்தது என்று தூதரக அதிகாரிகள் கருத இடமுண்டு. தைக்கு நாள் குறித்துவிட்ட பெண்ணுக்கு அந்த எண்ணம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

மீதமிருப்பவை இரண்டு வழிகள். கே-1 என்பது நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ உரிய விசா, சி.ஆர்.-1 என்பது திருமணமாகி 2 ஆண்டுகள் நிறையாத கணவன் அல்லது மனைவிக்குரிய குடியேற்ற விசா. ஏஜென்ட் தங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கே-1 மனுவைத் தாக்கல் செய்வதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் இருவரும் ஒருமுறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். வீடியோ அழைப்பைச் சந்திப்பாக ஏற்கமாட்டார்கள். மணநாளுக்கு முன் முகம் பார்க்கக் கூடாது என்ற கடுமையான மரபுள்ள குடும்பங்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், நிச்சயதார்த்தத்தில் இருவரையும் அருகருகே உட்கார வைக்கும் நமக்கு அது பொருந்தாது. ஆக, எந்த ஏஜென்ட் சொன்னாலும் ஆவணிக்கு முன் அந்த மனுவைப் போடவே முடியாது.

கே-1 விசாவில் சென்றபின் 90 நாட்களுக்குள் மனு செய்தவரையே மணக்க வேண்டும். அவரை மணக்காவிட்டால் வேறு எந்த விசாவுக்கும் அங்கிருந்தபடியே மாற முடியாது. மணந்த பிறகு கிரீன் கார்டுக்கு இன்னொரு விண்ணப்பம் போட வேண்டும். அது முடிவாகும்வரை வேலைக்குத் தனி அனுமதி வேண்டும், பயணத்துக்குத் தனி அனுமதி வேண்டும். அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே பொருள்; பாட்டி இறந்த செய்தி வந்தாலும் திருப்பூருக்கு விமானம் ஏற முடியாது. சி.ஆர்.-1 விசாவிலோ, தங்கள் மகள் அங்கே இறங்கும்போதே நிரந்தர வசிப்புரிமை பெற்றவராக இறங்குவார்; உடனே வேலைக்குச் செல்லலாம், வந்து போகலாம்.

செலவிலும் கே-1 மலிவானது அன்று. 2024 ஏப்ரலில் மாற்றியமைக்கப்பட்ட கட்டணங்களின்படி கே-1 மனுவுக்கு 675 டாலர், விசாவுக்கு 265, பிறகு கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு 1,440 என 2,380 டாலர் ஆகிறது. மனைவிக்கான வழியில், மனுவை இணையவழியில் தாக்கல் செய்தால், எல்லாம் சேர்ந்து சுமார் 1,300 டாலரில் முடிந்துவிடும். காலத்தில் கே-1 சில மாதங்கள் முந்தலாம். ஆனால் அந்த மாதங்களை மகள் டாலஸில் வேலை செய்ய முடியாமல் வீட்டில் உட்கார்ந்து கழிக்க நேரிடும்.

கே-1 வழியில் நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. அந்த விசாவைப் பெறுபவர் திருமணம் ஆகாதவராக இருக்க வேண்டும். நம் நிச்சயதார்த்தங்களோ மேடை, மாலை மாற்றுதல், மோதிரம், ஐயர், ஐந்நூறு பேருக்குப் பந்தி என்று திருமணத்தைப் போலவே நடக்கின்றன. அந்தப் புகைப்படங்களைப் பார்க்கும் அதிகாரி 'இவர்களுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகிவிட்டது' என்று ஐயுற்றால் மனு மறுக்கப்படலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். கே-1 வழிதான் என்று முடிவு செய்தால், மாலை மாற்றுவதைத் தவிர்த்துவிட்டுத் தட்டு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

'ஆவணியிலேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தையில் ஊரறியத் திருமணம் செய்தால் ஐந்து மாதம் மிச்சமாகுமே' என்று தங்களுக்குத் தோன்றலாம். பலர் அவ்வாறு செய்கிறார்கள். ஆனால் சடங்கு ஏதும் நடக்காமல் பெற்ற பதிவுச் சான்றிதழ் மட்டுமே இந்துத் திருமணச் சட்டப்படி திருமணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே கோயிலில் எளிமையாகவேனும் தாலி கட்டி, அல்லது தமிழ்நாட்டுக்கென்று சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவின்படி உற்றார் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிச் சுயமரியாதைத் திருமணமாக நடத்தி, அதன் பிறகே பதிய வேண்டும். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் இரண்டு வார விடுப்புக்குள் அது அடங்காது. சட்டம் இடம் தருகிறது என்பதற்காக இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். முதல்முறை நேரில் பார்த்த பத்தாம் நாள் சட்டப்படி மனைவியாகி, தைக்குள் ஏதேனும் மனக்கசப்பு வந்தால், பத்திரிகை அச்சிடாத திருமணத்துக்கு விவாகரத்துக் கேட்டு நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும்.

என் யோசனை இதுதான்: ஆவணியில் நிச்சயம் செய்யுங்கள். தையில் திருப்பூரிலேயே திருமணத்தை நடத்தி, 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்கள் அவகாசம் இருந்தாலும், மாப்பிள்ளை ஊரில் இருக்கும் அந்த வாரத்திலேயே பதிவு செய்யுங்கள். அவர் வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பதைச் சார்பதிவாளரிடம் முகூர்த்தத்துக்கு முன்பே நேரில் கேட்டு வையுங்கள். மண்டப ரசீதோ கோயில் கடிதமோ சான்றிதழுக்கு ஈடாகாது. சான்றிதழ் கைக்கு வந்த அன்றே, சி.ஆர்.-1 வழிக்கான முதல் மனுவாகிய ஐ-130 மனுவை மாப்பிள்ளை தாக்கல் செய்யலாம். நேர்காணலுக்குச் சென்னை போதாது. குடியேற்ற விசாக்களுக்கு மும்பைக்கோ புது டில்லிக்கோ செல்ல வேண்டும்.

பெண்ணைப் பெற்றவர் என்ற முறையில் தாங்கள் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. மனைவியின் வாழ்க்கைச் செலவுக்குத் தானே பொறுப்பு என்று மாப்பிள்ளை ஐ-864 என்ற பொறுப்பேற்புப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். இருவர் கொண்ட குடும்பத்துக்கு, 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஆண்டு வருமானம் சுமார் 26,400 டாலராவது இருக்க வேண்டும். விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு நீங்காது என்பது மகளுக்குப் பாதுகாப்பு. அடுத்து, திருமணமாகி 2 ஆண்டுகள் நிறைவதற்குள் நுழைந்தால் கிரீன் கார்டு 2 ஆண்டுகளுக்கு மட்டும் நிபந்தனையோடு வழங்கப்படும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து மனு செய்து நிபந்தனையை நீக்க வேண்டும். மணவாழ்வு முறிந்தாலோ கொடுமை நேர்ந்தாலோ மனைவி தனியாகவும் மனு செய்யலாம். இதை மகள் விமானம் ஏறுவதற்கு முன்பே அறிந்திருக்கட்டும்.

கேள்வி: மாப்பிள்ளை எச்-1பி விசாவில் இருக்கிறார். 'கிரீன் கார்டு வந்த பிறகு கல்யாணம் வைத்துக்கொண்டால் உங்கள் பெண் நேராகக் கிரீன் கார்டில் வரலாம், வேலைக்கும் போகலாம்' என்கிறார்கள் சம்பந்தி வீட்டார். காத்திருக்கலாமா?
— ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: காத்திருக்காதீர்கள்; இது நேர்மாறாகப் புரிந்துகொள்ளப்பட்ட விஷயம். வேலைவாய்ப்பு வழியில் கணவருக்குக் கிரீன் கார்டு கிடைப்பதற்கு முன்பே திருமணம் ஆகியிருந்தால், மனைவி அதே வரிசையில் அவரோடு சேர்ந்தோ பின்தொடர்ந்தோ கிரீன் கார்டு பெறலாம். அவர் கையில் கார்டு வந்த மறுநாள் தாலி கட்டினால் அந்த உரிமை போய்விடும். பிறகு அவர் புதிதாக மனு செய்து, ஆண்டு உச்சவரம்பு உள்ள எஃப்-2ஏ வரிசையில் மனைவியை நிறுத்த வேண்டும். கே-1 விசாவும் அவரால் கோர முடியாது, அது குடிமக்களுக்கு மட்டும் உரியது. ஒரு நாள் வித்தியாசத்தில் ஆண்டுக்கணக்கில் பிரிந்திருக்க நேரிடும்.

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவாய்ப்புக் கிரீன் கார்டு வரிசை பத்தாண்டுகளைத் தாண்டி நீள்கிறது என்பதால், கார்டு வரட்டும் என்று மகளின் வயதைக் கடத்துவதிலும் பொருளில்லை. இப்போது மணந்தால் எச்-4 விசாவில் உடன் செல்லலாம். ஆனால் வேலைக்குப் போகலாம் என்ற வாக்கை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். 2015-ஆம் ஆண்டு விதியின்படி, பொதுவாகக் கணவரின் கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் தாக்கல் செய்யும் ஐ-140 மனு அங்கீகரிக்கப்பட்டிருந்தால்தான் எச்-4 மனைவி வேலை அனுமதி கோரலாம். 'ஐ-140 ஆகிவிட்டதா, கடிதத்தைக் காட்டுங்கள்' என்று சம்பந்தி வீட்டாரிடம் கேட்பதில் தவறில்லை. சம்பளம் கேட்கும் நாம் இதையும் கேட்கலாம்.

கேள்வி: எனக்கு லண்டனில் வசிக்கும் பிரித்தானியக் குடிமகனோடு திருமணம் பேசியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் எழுத்தை, அதாவது பதிவுத் திருமணத்தை, முடித்துவிட்டு, தாலிகட்டை லண்டனில் வைக்கலாமா, அல்லது நிச்சயிக்கப்பட்டவருக்கான விசாவில் போவது நல்லதா?
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: எழுத்தை முடித்துக்கொண்டு போவதே நல்லது. இலங்கையில் முறைப்படி பதிவான திருமணம் சட்டப்படி முழுமையான திருமணம். தாலிகட்டு பிறகு நடப்பது விசாவைப் பாதிக்காது. மனைவிக்கான விசா 33 மாதங்களுக்கு வழங்கப்படும், வேலைக்கும் போகலாம். நீட்டிப்போடு 5 ஆண்டுகள் முடிந்ததும் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். நிச்சயிக்கப்பட்டவருக்கான விசாவோ 6 மாதங்களுக்கு மட்டுமே. அந்தக் காலத்தில் வேலை செய்ய அனுமதியில்லை, மணந்த பிறகு மீண்டும் கட்டணம் கட்டி மனைவிக்கான விசாவுக்கு மாற வேண்டும். திருமணப் பார்வையாளர் விசா என்று இன்னொன்றும் உண்டு. அதன் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மணந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களுக்கானது.

தங்களுக்கு முக்கியமானது மாப்பிள்ளையின் வருமானம். 2024 ஏப்ரல் 11 முதல் அது ஆண்டுக்கு 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. முன்பு 18,600 பவுணாக இருந்தது. லண்டனுக்குப் போய்த் தாங்கள் சம்பாதிக்கப் போவதைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். வருமானமே இல்லாத நிலையில், 6 மாதங்களாகக் கையிருப்பில் உள்ள 88,500 பவுண் சேமிப்பைக் காட்டலாம் என்று விதி சொல்கிறது. அவ்வளவு வைத்திருப்பவர் இந்தக் கேள்வியை எழுப்பியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். இவற்றோடு ஏ-1 நிலை ஆங்கிலத் தேர்வும் காசநோய்ப் பரிசோதனையும் வேண்டும். எழுத்துக்கு நாள் பார்க்கும் முன் மாப்பிள்ளையின் கடந்த 6 மாதச் சம்பளச் சீட்டுகளை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கனடாவுக்கு நிச்சயிக்கப்பட்டவருக்கான விசா உண்டா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: இல்லை. மணந்த பிறகே கனடாவில் இருப்பவர் மனு செய்ய முடியும். வீடியோ அழைப்பிலோ ஆள் மாற்றி நிறுத்தியோ நடத்தும் திருமணத்தை 2015 முதல் அந்நாடு ஏற்பதில்லை. இருவரும் ஒரே இடத்தில் நேரில் இருந்து மணந்திருக்க வேண்டும்.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது. அமெரிக்க விசாவுக்கு முன் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டுமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: கணவர் பெயரைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, திருமணச் சான்றிதழே உறவைக் காட்டிவிடும். ஆனால் காலிக் கட்டத்தை அப்படியே விட வேண்டாம். தங்கள் ஒற்றைப் பெயரை அமெரிக்க விசாவில் குடும்பப்பெயராகப் போட்டு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.', அதாவது முதற்பெயர் அறியப்படவில்லை, என்று அச்சிட்டுவிடுவார்கள். பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, மருத்துவமனைச் சீட்டு என்று எங்கு போனாலும் தங்களை அந்த மூன்றெழுத்தாலேயே அழைப்பார்கள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் இனிஷியலை விரித்துத் தந்தை பெயரையோ, விரும்பினால் கணவர் பெயரையோ குடும்பப்பெயராகப் பதிந்து புதுப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு, அதே பெயரிலேயே மனுவைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.