தௌலி பாறையில இல்லாத வரி (கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

என் பொண்ணு ஆறாவது படிக்கிறா. ஸ்கூல்ல பேச்சுப்போட்டி, தலைப்பு அசோகர். கலிங்கப் போர்ல ரத்தத்தப் பாத்து மனசு மாறி புத்த மதத்துக்குப் போயிட்டார்னு புக்ல நாலு வரில முடிச்சிட்டாங்க. யூடியூப்ல ஒரு வீடியோ பாத்தேன், கூடப் பொறந்தவங்க 99 பேரக் கொன்னவன், மனசு மாறினதெல்லாம் சும்மா பிஆர் வேலை, நல்ல பேரு வாங்கற விளம்பரம்னு சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது. மரம் நட்டதத் தவிர அந்தாள் என்னதான் பண்ணாரு? பொண்ணுகிட்ட எத சொல்றது? நல்ல புக் இருந்தா சொல்லுங்க.

கே.

அன்புள்ள தம்பி,

உங்க லெட்டர் வந்த அன்னைக்குத்தான் எங்க பெரியக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்திருந்தேன், அதனாலதான் உடனே பதில் எழுத உக்காந்துட்டேன். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு அப்புறம் சொல்றேன்.

முதல்ல அந்த 99. அத விடுங்க. அது இலங்கையில மகாவம்சத்துல வர்ற கதை, அசோகர் செத்து பல நூறு வருஷம் கழிச்சு பிக்குகள் எழுதினது. புத்தம் வர்றதுக்கு முன்னாடி எவ்வளவு கொடூரமா இருந்தான்னு காட்டினாத்தானே பின்னாடி வந்த மாற்றம் பெருசாத் தெரியும். அவரு 14 ஆணைய வரிசையா பல ஊர்ப் பாறைகள்ல வெட்டி வச்சிருக்காரு, அதுல அஞ்சாவது பாறைக் கல்வெட்டுல அண்ணன் தம்பிங்க, அக்கா தங்கச்சிங்க வீடுகளப் பத்தியே பேச்சு வருது. பட்டத்துக்கு வர்றப்போ சண்டையே நடக்கலன்னு நான் சொல்லல, ஆனா 99-ங்கற கணக்க பொண்ணு தலையில ஏத்தாதீங்க.

மரம். ஸ்கூல் படிச்ச எல்லாருக்கும் இது ஒரு கிண்டல் ஆயிடுச்சு, எனக்கு அதுல வருத்தம்தான். ரோட்டோரமா ஆலமரம் வச்சேன், மிருகத்துக்கும் மனுஷனுக்கும் நிழல் தரும்னு, மாந்தோப்பு வச்சேன், கிணறு வெட்டினேன்னு தூண்ல எழுதி வச்சவரு அடுத்த வரியிலயே இதெல்லாம் சின்ன விஷயம், எனக்கு முன்னாடி இருந்த ராஜாக்களும் பண்ணதுதான்னு அவரே சொல்றாரு. அந்தத் தூண் இப்போ டெல்லியில ஃபிரோஸ் ஷா கோட்லாவுல நிக்குது, 14-ம் நூற்றாண்டுல டோப்ராங்கற ஊர்லேருந்து யமுனையில படகுல ஏத்திக் கொண்டாந்தாங்க. அவரே சின்னதுன்னு சொன்னத நாம பெருசாக்கி அப்புறம் நாமளே சிரிக்கிறோம்.

இப்போ "பிஆர் வேலை". தம்பி, கோவிச்சுக்காதீங்க, இது சோம்பேறித்தனமான பேச்சு. ஒரு வீடியோ பாத்துட்டு 2,200 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு முடிவு பண்ணிட்டீங்க, அந்தாளு எழுதினத ஒரு தடவையாவது படிச்சீங்களா? 13-வது பாறைக் கல்வெட்டு. பட்டாபிஷேகம் ஆகி எட்டு வருஷம் கழிச்சு கலிங்கத்த ஜெயிச்சேன், 1,50,000 பேரப் புடிச்சுட்டுப் போனாங்க, 1,00,000 பேரு அங்கயே வெட்டுப்பட்டாங்க, அதப் போல பல மடங்கு ஜனங்க செத்தாங்க. இத எழுதினது எதிரி இல்ல, ஜெயிச்சவரு. ராஜாக்கள் கொன்ன கணக்க கல்லுல வெட்டறது பெருமைக்கு. இவரு எனக்கு வலிக்குதுன்னு சொல்றதுக்கு வெட்டியிருக்காரு. அதோட நிறுத்தல. அடிபடாம தப்பிச்சவனும் கஷ்டப்படறான், ஏன்னா அவன் பாசம் வச்ச சிநேகிதனுக்கும் சொந்தக்காரனுக்கும் அடி விழுந்திருக்கு, அதுவும் அவனுக்கு விழுந்த அடிதாங்கறாரு. போர்க்களத்துல நின்னு ரத்தத்தப் பாத்தா மட்டும் இது தோணாது, செத்தவன் வீட்டுல என்ன நடக்கும்னு யோசிச்சிருக்கணும். இன்னைக்கு அதுல நூத்துல ஒரு பங்கு, ஆயிரத்துல ஒரு பங்கு ஜனம் செத்தாலும் எனக்குத் தாங்காதுன்னு சொல்றாரு.

புக்ல இருக்கற மாதிரி ஒரே நாள்ல மாறலங்கறது உண்மைதான். உபாசகன், அதாவது வீட்டுல இருந்தே புத்தர் வழியில போறவன், ஆகி ரெண்டரை வருஷம் ஆச்சு, முதல் ஒரு வருஷம் நான் பெருசா முயற்சி எடுக்கலன்னு இன்னொரு கல்வெட்டுல அவரே ஒத்துக்கறாரு. இத உங்க பொண்ணுகிட்ட கட்டாயம் சொல்லுங்க. கலிங்கத்த திருப்பிக் குடுக்கல. மரண தண்டனைய எடுக்கல, தீர்ப்பான கைதிக்கு மூணு நாள் அவகாசம் குடுத்தாரு, அவ்வளவுதான். காட்டுல இருக்கற ஜனங்களப் பாத்து, நான் வருத்தப்பட்டாலும் தண்டிக்கற பலம் என்கிட்ட இருக்குன்னு அதே 13-வதுல மிரட்டவும் செய்றாரு. இதெல்லாம் எனக்குத் தெரியாம அவருக்கு வக்காலத்து வாங்கல.

எனக்கு உறுத்தறது வேற. சில வருஷம் முன்னாடி ஒடிசாவுல புவனேஸ்வர் போனப்போ பக்கத்துல தௌலிக்குப் போனேன், அந்தக் காலத்துக் கலிங்கம் இதுதான். மலை மேல 1972-ல கட்டின வெள்ளை ஸ்தூபி, பஸ்ஸு பஸ்ஸா ஜனங்க அங்கதான் போறாங்க. அசோகர் ஆணை வெட்டின பாறை கீழ இருக்கு. கல்லுக்குள்ளேருந்து ஒரு யானை முன்னங்கால எடுத்து வச்சு வெளிய வர்ற மாதிரி பாதி உடம்பு மட்டும் செதுக்கி இருக்கு, அதுக்கு அடியிலதான் கல்வெட்டு. தயா ஆறும் வயக்காடும்தான் சுத்தி. அங்க நின்னு 13-வது எதுன்னு தேடினா, கிடையாது. 10-வதுக்கு அப்புறம் நேரா 14. அதே கலிங்கத்துல ஜவுகடா பாறையிலயும் இல்ல. குஜராத்ல கிர்னார்ல இருக்கு, டேராடூன் பக்கம் கால்சியில இருக்கு, ஆந்திராவுல எர்ரகுடியில இருக்கு, இப்போ பாகிஸ்தான்ல இருக்கற ஷாபாஸ்கடியில இருக்கு, காந்தகார்ல கிரேக்க மொழியிலயே இருக்கு. கலிங்கத்துல ஜனங்கள நான் கொன்னேன், வலிக்குதுன்னு காந்தகார் கிரேக்கனுக்குத் தெரிஞ்சிருக்கு, புள்ளையப் பறிகொடுத்த கலிங்கத்து அம்மாவுக்கு அந்தக் கல்லு ஒரு வார்த்தை சொல்லல.

எங்க பெரியக்கா பத்தாவதுல பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க். அப்பா நிறுத்திட்டாரு. ஏன்னு கேக்க அன்னைக்கு வீட்டுல யாருக்கும் தைரியம் இல்ல. அப்புறம் வயசாக ஆக, அவள படிக்க விடாம பாவம் பண்ணிட்டேன்னு என்கிட்ட சொன்னாரு, என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னாரு, மாமாகிட்ட, முடி வெட்ட வர்றவர்கிட்ட கூட சொன்னாரு. அக்காகிட்ட மட்டும் சொல்லல. கடைசியா படுக்கையில கிடந்தப்போ "அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்கப்பா"ன்னு கெஞ்சினேன், மொகத்த செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. ஆனா வருஷா வருஷம் தையில பஸ் மேல ஏத்தி அவ வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினாரு. அவ பொண்ணு நர்ஸிங் படிக்க ஃபீஸ் முழுக்க கட்டினாரு. இந்தத் தடவை போனப்போ அக்கா சொல்றா, "அரிசிய டிரம்முல கொட்டும்போதெல்லாம் உள்ள ஏதாவது சீட்டு இருக்குமான்னு பாப்பேன்டி."

தௌலியில 13-வதுக்குப் பதிலா தனியா ரெண்டு ஆணை வெட்டியிருக்கு, அதுதான் அரிசி மூட்டை. அப்போ கலிங்கத்துல இருந்த தோசாலி நகரத்து அதிகாரிங்களுக்கு எழுதினது. எல்லா மனுஷங்களும் என் புள்ளைங்க, என் புள்ளைங்களுக்கு எந்த நன்மைய விரும்புவேனோ அத எல்லாருக்கும் விரும்பறேன்னு ஆரம்பிச்சு, காரணம் இல்லாம ஒருத்தன ஜெயில்ல போடாத, சித்திரவதை பண்ணாத, பொறாமை, கோபம், கொடூரம், அவசரம், சோம்பல், களைப்பு இதெல்லாம் இருந்தா நியாயம் பண்ண முடியாதுன்னு ஒவ்வொண்ணா சொல்றாரு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் அனுப்பி செக் பண்ணுவேங்கறாரு. பூச நட்சத்திரத்தன்னைக்கு இத வாசிச்சுக் காட்டணும், நடுவுலயும் வாசிக்கணும், கேக்க ஒரே ஒருத்தன் இருந்தாலும் சரின்னு சொல்றாரு. களைப்பு கூட அநியாயத்துல கொண்டு விடும்னு எழுதின ராஜாவ நடிகன்னு சொல்ல எனக்கு வாய் வரல தம்பி.

ஆனா ரெண்டாவது ஆணையில ஒரு இடம் வருது, அத என்னால மன்னிக்க முடியல. எல்லைக்கு அப்பால இருக்கறவங்கள பத்திப் பேசும்போது, மன்னிக்க முடிஞ்சத ராஜா மன்னிப்பார்னு அவங்க நம்பணும்னு எழுதறாரு. கலிங்கத்துப் பாறையில மன்னிப்புங்கற வார்த்தை இருக்கு, ஆனா குடுக்கறவரு அவரு. லட்சம் பேர் செத்த மண்ணுல நின்னு கேக்க வேண்டியவரு அவருதானே? ஆராய்ச்சிக்காரங்க சிலர் சொல்லுவாங்க, தோத்த ஊர்ல அந்தக் கணக்கப் போட்டா கலகம் வரும், நிர்வாகத்துக்காக எடுத்துட்டாங்கன்னு. இருக்கலாம். வெட்கமும் இருக்கலாம். அப்பாவ பாத்ததால எனக்கு வெட்கம்னுதான் தோணுது. எதுவா இருந்தாலும், யாருக்கு அடி விழுந்துச்சோ அவங்ககிட்ட சொல்லாத வருத்தம் பாதி வருத்தம்தான். பாதி வருத்தத்த பொய்னு சொல்றதையும் நான் ஒத்துக்க மாட்டேன், அந்த அரிசியச் சாப்பிட்டு வளந்த பொண்ணு இன்னைக்கு நர்ஸா இருக்கா.

இத அக்காகிட்ட சொன்னேன். அவ கேட்டது ஒண்ணுதான், "அந்த ஊர்க்காரங்க பதிலுக்கு ஏதாவது எழுதி வச்சாங்களா?" தௌலிக்குப் பக்கத்துலயே உதயகிரியில ஹாதிகும்பா குகை இருக்கு, பின்னாடி வந்த கலிங்க ராஜா காரவேலன் தன் ஆட்சிய வருஷம் வருஷமா எழுதி வச்சிருக்காரு. அசோகருக்கும் முன்னாடி நந்த ராஜா எடுத்துட்டுப் போன ஜினர் சிலையப் பத்திக் கூட, அதாவது சமணங்க கும்பிடற சிலை, அதுல வருது, அவ்வளவு பழசையும் மறக்கல. படிக்க முடியற வரிகள்ல அசோகர் பேரு இல்ல. கேட்டுட்டு அக்கா ஒண்ணும் பேசல, எழுந்து அடுப்படிக்குப் போயிட்டா.

புக் கேட்டிருந்தீங்க. கல்வெட்டுகளே தமிழ்ல மொழிபெயர்ப்பா வந்திருக்கு, லைப்ரரில கேளுங்க. பொண்ண 13-வதையும் தௌலியோட ரெண்டு ஆணையையும் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, போன ஓரமா வச்சிட்டு நீங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க.